பாட்டு மட்டும் போதுமா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக் குடியிருப்பாளர். கம்பம் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் கேசட் பதிவுக் கடை நடத்தியவர்.)



தண்ணீர்த் தொட்டி சுத்தம், லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் கோடு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். மீதி அரை மணி நேரம் எனக்கு என்று செயலாளர் சொன்னார். "அண்ணே, சாயங்கால நடைப்பயிற்சியில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்குது. அதை நீங்களே தீர்த்து வைங்க" என்று கேட்டுக்கொண்டார். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கேசட் கடைக்காரன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல முடியும்.

பஞ்சாயத்து என்ன என்று தெரியாதவர்களுக்காக: இளையராஜாவின் பின்னணி இசையைப் படத்திலிருந்து பிரித்துத் தனியாகக் கேட்கலாமா? அதை ஆல்பமாகப் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா? ஒரு கட்சி சொல்கிறது, "படம் இல்லாமல் அந்த இசைக்கு உயிர் இல்லை. தனியாகக் கேட்டால் பாதியில் நிற்கும், பாதியில் தொடங்கும். பாட்டு இருக்கும்போது அது எதற்கு?" இன்னொரு கட்சி சொல்கிறது, "பாட்டு எல்லோரும் போடுவார்கள். ராஜா யார் என்று காட்டுவதே பின்னணி இசைதான். அது ஆல்பமாக வராதது நமக்கு நஷ்டம்." இரண்டு கட்சியிலும் நல்ல காது உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் சண்டை முடியவில்லை.

இந்தச் சண்டை வேறு ஊரில் நடந்தால் பொழுதுபோக்கு. தேனியில் நடந்தால் அது வீட்டு விவகாரம். போடியிலிருந்து தேவாரம் வழியாக உத்தமபாளையம் போகிற சாலையில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. பாரதிராஜா பிறந்த அல்லிநகரம் இங்கே தேனிக்குள்ளேயே இருக்கிறது. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோதும், 1977-இல் '16 வயதினிலே' வந்தபோதும் இந்தப் பள்ளத்தாக்கு திரையில் தன் குரலைத் தானே கேட்டது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். 'சினிமா இசைத்தட்டு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிப் பொருள்கள்.

முதலாவது, பாட்டுத் தட்டு. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். ஒரு பாட்டு அதில் அப்படியே உட்காரும். நம் சினிமாப் பாட்டின் நீளமே அந்தத் தட்டின் அளவுக்கு ஏற்ப அமைந்ததுதான். பிறகு எல்.பி. தட்டு வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். அதற்குப் பிறகு கேசட். அறுபது நிமிடக் கேசட் வாங்கினால் ஒரு பக்கம் ஒரு படம், மறு பக்கம் இன்னொரு படம்.

இரண்டாவது, வசனத் தட்டு. 'திருவிளையாடல்' வசனம் கோயில் திருவிழாவில் ரேடியோ செட்டுக்காரர் போட, குழாய் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் இங்கே கை தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கை! 1984-இல் 'விதி' படத்தின் வசனக் கேசட் ஓடாத டீக்கடை இருந்திருக்காது. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு நிகழ்ச்சி வரும். முழுப் படத்தையும் ஒரு மணி நேரமாகச் சுருக்கி, ஒலியை மட்டும் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, படத்தைக் காதால் பார்த்த தலைமுறை நாங்கள்.

மூன்றாவது, பின்னணி இசைத் தட்டு. பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. காட்சிகளுக்காக வாசித்த இசை மட்டும். இதுதான் நம் ஊரில் மிகக் குறைவாக வந்தது. பஞ்சாயத்தும் இதைப் பற்றித்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். "பின்னணி இசை தனியாகக் கேட்பதற்கு இல்லை" என்று சொல்கிற கட்சிக்காரர்களும் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களே. படம் இல்லாமல் வயலினையும் புல்லாங்குழலையும் அவர்கள் காது அப்போதே பிடித்து வைத்திருக்கிறது. கதாநாயகி அழுகிறாளா, யோசிக்கிறாளா என்பதை வசனம் சொல்லாத இடத்தில் இசைதான் சொல்லியிருக்கிறது. ஆக, படம் இல்லாமல் கேட்பது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

என் கடை அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஆட்கள் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். தொண்ணூறு நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். பத்துப் பாட்டு பதிந்தால் கடைசியில் நாற்பது வினாடி, ஒரு நிமிடம் மிச்சம் நிற்கும். அதை வெறுமனே விட எனக்கு மனம் வராது. ஏதாவது ஒரு படத்தின் டைட்டில் இசையில் ஒரு துண்டைப் போட்டு நிரப்பிவிடுவேன். சில வாரம் கழித்து அதே ஆள் வந்து, "அண்ணே, போன கேசட்ல கடைசியா ஒரு மியூசிக் வந்துச்சே, அது மாதிரி ரெண்டு பக்கமும் போட்டுக் குடுங்க" என்பார். இரண்டு பக்கமும் போட்டுத்தர என்னிடம் சரக்கு இருக்காது. கேட்கிற ஆள் இருந்தார், தட்டுதான் இல்லை.

அது ஏன் இல்லை என்று புரிய வேண்டுமானால், அந்த இசை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சினிமாக்காரர்கள் அதற்கு ரீரெக்கார்டிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரம் அடி ஃபிலிம் ஒரு ரீல். ஓடும் நேரம் ஏறக்குறைய பதினோரு நிமிடம். இசையமைப்பாளர் அந்த ரீலைப் பார்ப்பார். எங்கே தொடங்கணும், எங்கே நிறுத்தணும், எங்கே வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு செய்வார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறிப்பு எழுதுவார். கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிக்க, எதிரே திரையில் படம் ஓடும். கதவு சாத்துகிற நொடியில் இசை நிற்க வேண்டும் என்றால் நின்றே ஆக வேண்டும். இப்படி ரீல் ரீலாக முடித்து, வசனத்தோடும் மற்ற ஒலிகளோடும் கலந்து ஒரே தடமாக ஆக்கிவிடுவார்கள்.

இதிலிருந்து இரண்டு விளைவு. ஒன்று, துண்டுகள் சின்னச் சின்னதாக இருக்கும். இருபது வினாடி, நாற்பது வினாடி, ஒன்றரை நிமிடம். பாட்டு மாதிரி பல்லவி, சரணம் என்று முழு உருவம் இருக்காது. இரண்டு, வசனத்தோடு கலந்த பிறகு இசையை மட்டும் பிரிக்க முடியாது. இசைத்தடத்தைத் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்தான் ஆல்பம் போட முடியும். கலந்த தடம் இருந்தால் படம் ஓடும்; தயாரிப்பாளருக்கு அது போதும். இசைத்தடத்தை அலமாரியில் பாதுகாத்து வைத்தால் யாருக்கு லாபம்? பாட்டு விற்றது, அதனால் பாட்டைப் பத்திரப்படுத்தினார்கள்.

இப்போது முதல் கட்சியின் வாதத்தை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம்.

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நல்ல பின்னணி இசையில் பாதி, இசை இல்லாத இடம். 1979-இல் மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தைப் பாருங்கள். எங்கே இசை ஒதுங்கி நின்று மௌனத்துக்கு இடம் விடுகிறது என்பதில்தான் அந்தப் படத்தின் கனம் இருக்கிறது. மௌனத்தை எந்த ஆல்பத்தில் போடுவீர்கள்? அது படத்தோடுதான் கிடைக்கும். அதேபோல, திடுக்கிட வைப்பதற்காக வாசித்த ஒரு தட்டு, துரத்தல் காட்சிக்காக ஒரே தாளத்தை மூன்று நிமிடம் ஓட்டியது, இவையெல்லாம் தனியாகக் கேட்டால் அலுப்புத் தட்டும். இதை ஒப்புக்கொள்ளாமல் ஆல்பத்துக்காக வாதாடினால் அது நியாயமான வாதம் இல்லை.

ஆனால் இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது இல்லை. உலகம் முழுக்க சினிமா இசை ரசிகர்கள் இதையே பேசியிருக்கிறார்கள். 1938-இல் 'ஸ்னோ ஒயிட்' படத்தின் பாடல்கள் தட்டாக வந்தன. அது பாட்டு, ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டுப் படமல்லாத ஒரு ஹாலிவுட் படத்தின் பின்னணி இசை தட்டுகளாக வந்தது 1942-இல், 'ஜங்கிள் புக்' படத்துக்கு. இசை மிக்லோஸ் ரோசா. வெறும் இசையை விற்கத் தயக்கம் போல. கதையைச் சொல்ல ஒரு குரல் சேர்த்தார்கள். அந்தக் குரல் யாருடையது தெரியுமா? படத்தின் நாயகன் சாபு. மைசூர் யானைப்பாகனின் மகன். உலகின் முதல் பின்னணி இசைத் தட்டுகளில் ஒன்றில் நம் பக்கத்து மாநிலத்துப் பையன் பேசுகிறான்!

அடுத்து 1977. இங்கே '16 வயதினிலே' வந்த அதே வருடம் அமெரிக்காவில் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அதன் பின்னணி இசையை ஜான் வில்லியம்ஸ் இரட்டை எல்.பி.யாகப் போட்டார். படத்தில் வந்த வரிசையில் அவர் அதை அடுக்கவில்லை. கேட்பதற்கு எந்த வரிசை நன்றாக இருக்குமோ அப்படி மாற்றி அடுக்கினார். லட்சக்கணக்கானோர் அதை வாங்கிக் கேட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1997-இல், அதே இசையைப் படத்தின் வரிசைப்படி, விடுபட்டதையும் சேர்த்து இரண்டு சி.டி.யாகப் போட்டார்கள். அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு அணி. "முழுசாக, படம் போலவே இருக்கணும்" என்பது ஒன்று. "இல்லை, இசையமைப்பாளர் தொடுத்துத் தந்த எல்.பி.தான் நல்ல தொடுப்பு" என்பது மற்றது. இரண்டும் கிடைக்கும் ஊரில் அந்தச் சண்டை சுகமான சண்டை. இரண்டுமே கிடைக்காத ஊரில் நாம் இருக்கிறோம்.

கிடைக்காததால் ரசிகர்கள் சும்மா இருந்தார்களா? செல்போன் வந்ததும் நடந்ததைப் பாருங்கள். 'மௌன ராகம்' பின்னணி இசையின் அந்தச் சில வினாடிகளைத் தம் கைபேசியில் ரிங்டோனாக வைக்காத வீடு நம் பிளாக்கில் எத்தனை? யாரும் விளம்பரம் செய்யவில்லை. 1986-இல் வந்த படம். இருபது வருடம் கழித்து ஜனங்களே டிவிடியிலிருந்து அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். அதன் பின்னால் வண்டிச் சத்தமும் வசனத்தின் வாலும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார்கள். "தனியாகக் கேட்க யார் இருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் தேவையா?

இதற்கு மேல் ஒரு சாட்சி இருக்கிறது. இது நம்மைப்போல் வீடு வாங்கியவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். 1986-இல் இளையராஜா 'ஹௌ டு நேம் இட்' என்று ஒரு ஆல்பம் போட்டார். எந்தப் படத்துக்காகவும் இல்லை. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மன் மேதைக்கும் வணக்கமாகச் செய்தது. அதில் வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1988-இல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தலைக்கு மேல் ஒரு கூரை கட்ட அலைகிற கதை. அனுமதி, கடன், சிமெண்ட், ஒப்பந்தக்காரர், எல்லாம் நமக்குத் தெரிந்த பாடுதான். பாட்டே இல்லாத படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதற்குப் பின்னணியாக ஒலித்தது 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தின் இசை.

இங்கே என்ன நடந்திருக்கிறது என்று யோசியுங்கள். படத்துக்காகச் செய்த இசையை ஆல்பமாக்குவதுதான் வழக்கம். இங்கே ஆல்பமாகச் செய்த இசை படத்துக்குள் போய் உட்கார்ந்தது. பொருந்தவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் வெயிலில் நடக்கும்போது அந்த வயலின் அவளுக்காகவே வாசித்தது போல இருக்கிறது. தனி இசைக்கும் பின்னணி இசைக்கும் நடுவே நாம் போட்ட சுவர் அவ்வளவு உறுதியானது இல்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

அதற்குப் பிறகு 2013-இல் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்'. அதிலும் பாட்டு இல்லை. பெயர் போடும்போது பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று போட்டார்கள். அதன் இசை ஆல்பமாகவும் வந்தது. தேசிய விருதுக்காரர்களும் 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்குப் பாட்டுக்கு ஒரு விருது, பின்னணி இசைக்கு ஒரு விருது என்று பிரித்தார்கள். அந்தப் பின்னணி இசை விருது 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்குப் போனது. 2015-க்கு 'தாரை தப்பட்டை'க்காக மறுபடியும் அவருக்கே. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் கச்சேரிக் குழு வாசித்தது. படம் எதுவும் இல்லாத இசையைக் கேட்க ஆட்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள்.

ஆகவே என் கருத்தை இப்படிச் சொல்கிறேன். பின்னணி இசை ஆல்பம் படத்துக்குப் போட்டி இல்லை, பதிலும் இல்லை. படத்தில் அந்த இசை வேலை செய்கிறது. ஆல்பத்தில் அதே இசை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நம்மோடு உட்கார்ந்து பேசுகிறது. வேலையில் பார்த்த ஆளை வீட்டில் பார்த்தால்தானே முழுசாகத் தெரியும்? ஆனால் எல்லாத் துண்டையும் கொட்டிவிட்டால் அது ஆல்பம் ஆகாது. தோட்டத்திலிருந்து வந்த ஏலக்காயை அப்படியே போடி ஏலத்துக்குக் கொண்டுபோவதில்லை. காய வைத்து, தரம் பிரித்த பிறகுதான் விலை. இசைத் தொகுப்புக்கும் தரம் பிரிக்கிற கை வேண்டும்.

நல்ல தொகுப்பா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கேள்விகள் ஐந்து. அடுத்த முறை விவாதம் வரும்போது இவற்றை வைத்துப் பேசிப் பாருங்கள்.

ஒன்று, சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் தொடுத்திருக்கிறார்களா? இருபது வினாடித் துண்டு நாற்பது இருந்தால் அது கிடங்கு. உறவுள்ள துண்டுகளைச் சேர்த்து நாலு நிமிடமாக்கினால் அது இசை.

இரண்டு, ஒரே மெட்டு திரும்ப வரும்போது ஏதாவது மாறுகிறதா? முதலில் புல்லாங்குழலில் வந்தது, கடைசியில் வயலின்களில் வந்தால் கதை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை விடக்கூடாது. மாறாமல் வருவதை ஒருமுறை போட்டால் போதும்.

மூன்று, அடுக்கிய வரிசைக்கு ஒரு காரணம் இருக்கிறதா? படத்தின் வரிசையாக இருக்கட்டும், கேட்பதற்கான வரிசையாக இருக்கட்டும். இரண்டும் இல்லாமல் கலைத்துப் போட்டது கூடாது.

நான்கு, ஒலி சுத்தமாக இருக்கிறதா, அளவுக்கு மீறிச் சுத்தம் செய்திருக்கிறார்களா? இப்போது கணினி மென்பொருளை வைத்து வசனத்தை நீக்கி இசையைப் பிரிக்கிறார்கள். சில சமயம் ஆச்சரியமாக வருகிறது. சில சமயம் தண்ணீருக்கு அடியில் வாசித்த மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் வயலின் வயலினாகக் கேட்பதே நல்லது.

ஐந்து, வாசித்தவர்களின் பெயர் இருக்கிறதா? நான் விற்ற கேசட் அட்டைகளில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். புல்லாங்குழல் வாசித்தவர், தபேலா வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. பாட்டில் அவர்கள் பாடகருக்குப் பின்னால் நிற்கிறார்கள். பின்னணி இசையில் அவர்கள்தான் பாடகர்கள். பெயர் போடாத ஆல்பம் அரைகுறை ஆல்பம்.

இனி, இது ஏன் அவசரம் என்று சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் ஏ பிளாக்கில் ஒரு குடும்பம் வீடு மாறியது. பழைய பேப்பர்காரர் தள்ளுவண்டியில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட் போனதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்குவதற்குள் வண்டி முக்குத் திரும்பிவிட்டது. கிலோ என்ன விலைக்குப் போட்டார்களோ. பாட்டுக் கேசட் போனால் பரவாயில்லை, அந்தப் பாட்டு இன்றைக்குக் கைபேசியில் கிடைக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் வானொலியிலிருந்து பதிந்த ஒலிச்சித்திரம் இருந்திருக்கலாம். கடையில் வாங்கிய வசனக் கேசட் இருந்திருக்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் நடவு நேரத்தில் யாரோ ஒரு அப்பத்தா பாடியதைப் பேரன் டேப்ரெக்கார்டரில் பிடித்தது இருந்திருக்கலாம். ராஜாவின் இசைக்கு வேர் எங்கே என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேசட்தான் பதில்.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

முதலாவது, தூக்கிப் போடும் முன் கேளுங்கள். பரணில் இருக்கும் கேசட்டை இறக்குங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள். டேப்பும் போகும், கருவியின் தலையும் அழுக்காகும். நன்றாக இருந்தால் முதலில் கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். மேல் ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் தவறிப்போய் யாரும் மேலே பதிய முடியாது. கார் டேஷ்போர்டு, மாடிப் பரண், ஸ்பீக்கர் காந்தம், இந்த மூன்றும் கேசட்டுக்கு எமன். எல்.பி. தட்டை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள்.

இரண்டாவது, கணினிக்கு மாற்றுங்கள். ஓடுகிற டெக் என்னிடம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். தம்பி தங்கைகள் யாராவது கூட உட்கார்ந்து, எந்தக் கேசட், எந்த வருடம், யார் குரல் என்று எழுதித் தந்தால் போதும். மாற்றியதை நம் வீட்டுக்குள் வைத்துக் கேட்போம். ஊருக்குப் பரப்ப வேண்டாம். இசையமைப்பாளரின் உரிமை அவர் காலத்துக்கும் அதற்குப் பின் அறுபது ஆண்டுக்கும் உண்டு. பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. நாம் பத்திரப்படுத்தலாம், வியாபாரம் செய்யக்கூடாது.

மூன்றாவது, சேர்ந்து கேட்போம். இதற்கு அனுமதி வாங்க வேண்டுமா என்று பொருளாளர் கேட்டார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் நம்மைப் போன்றவர்களுக்கென்றே ஒரு வரி இருக்கிறது. குடியிருப்பில் வசிப்பவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ள மூடிய அறையில், அவர்களுக்கான வசதியாக ஒரு பதிவை ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்று சொல்கிறது. ஆகவே மொட்டைமாடி வேண்டாம். இந்த அரங்கே போதும். சத்தமும் கதவுக்குள் இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் தொந்தரவு இல்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முதல் கூட்டம் வைக்கலாம் என்று நினைக்கிறேன். 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தை முதலில் படம் இல்லாமல் கேட்போம். அதற்கடுத்த வாரம் 'வீடு' படத்தைப் பற்றிப் பேசுவோம். எல்லோரும் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எந்த வயலின் எந்தக் காட்சியில் வந்தது என்று யார் சரியாகச் சொல்கிறார்கள் பார்ப்போம். இரண்டு கட்சிக்காரர்களும் கட்டாயம் வர வேண்டும். கேட்ட பிறகும் சண்டை தொடர்ந்தால் எனக்குச் சந்தோஷம்தான். அப்போது காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவோம்.

கேசட் இருப்பவர்கள் பெட்டியைக் காவலாளி அறையில் பெயர், வீட்டு எண் எழுதி வையுங்கள். பழைய பேப்பர்காரர் வருவது வியாழக்கிழமை. அதற்குள் வைத்துவிடுங்கள்.